ஒரே வாய்க்கு இரண்டு குரல்

அண்ணனால் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல முடியவில்லை. 'வெளியே வா.' அவ்வளவுதான் வசனம். குளியலறைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிற பிள்ளையைப் பார்த்து எல்லா வீட்டிலும் தினமும் சொல்வதுதான். கதாநாயகன், வில்லன், பேசும் கரடி, சோப்பு விளம்பரத்து டாக்டர் என்று அகப்பட்டவர்களுக்கெல்லாம் குரல் கொடுத்தவன் என் அண்ணன். இன்றைக்கு மைக்குக்கு முன்னால் நின்று வாயைத் திறக்கிறான், 'வெளி' வரைக்கும் வருகிறது, அதோடு நின்றுவிடுகிறது.

"பரவாயில்லண்ணா. இன்னொரு தரம் போலாம்," என்றேன் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து.

திரையில் இயேசுவாக நடித்தவர் மறுபடியும் கல்லறைக்கு முன்னால் வந்து நின்றார். செத்துப்போன நண்பனுக்காக அழுதார். அந்த அழுகையை அண்ணன் அருமையாகப் பேசினான். பிறகு திரையில் இருந்தவர், செத்தவனை எழுப்பிக் கூப்பிட, கல்லறைக் குகையின் வாசலைப் பார்த்து வாயைத் திறந்தார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. உள்ளே அண்ணன் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிப் பலகை மேல் வைத்துவிட்டான்.

எனக்குக் கால் தானாக ஆட ஆரம்பித்தது. பதற்றம் வந்தால் இப்படித்தான். ஒலிப்பதிவு செய்து பிழைக்கிறவளுக்கு இருக்கவே கூடாத வியாதி இது, நாற்காலி கிரீச்சிடும். ஆனால் எப்படி ஆடாமல் இருக்கும்? படத்தை நாளைக் காலையில் சபைக்காரர்கள் கையில் கொடுத்தாக வேண்டும். என் ஸ்டூடியோ மோட்டார் ரிப்பேர் கடைக்கு மேல்மாடி. பதிவு நடக்கும்போது ஏசி சத்தம் மைக்கில் விழும் என்று அதை நிறுத்திவிட வேண்டும். எல்லோரும் வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தோம்.

படம்கூட எனக்குப் பெரிய கவலை இல்லை. கவலை அண்ணன்தான். போன மழைக்காலத்தில் அண்ணி போய்ச் சேர்ந்தாள். அன்றிலிருந்து அவன் வேலைக்கு வரவில்லை. வீட்டிலும் பேச்சு இல்லை, கேட்டதற்குத் தலையாட்டுவான். போன வாரம் திடீரென்று, வெளியூரில் ஒரு கிடங்கில் காவல் வேலை இருக்கிறது, போகிறேன் என்றான். ஏன் என்று கேட்டேன். "அங்க யார்கிட்டயும் பேச வேண்டியதில்ல," என்றான். துணிமணியெல்லாம் பெட்டியில் வைத்தாகிவிட்டது. கையில் காலில் விழுந்து, இந்த ஒரு படத்தை மட்டும் பேசிவிட்டுப் போ என்று இழுத்து வந்தேன். பேசினால் குரல் திரும்பிவிடும், குரல் திரும்பினால் ஆளும் திரும்பிவிடுவான் என்று என் கணக்கு. பேசாமல் போய்விட்டான் என்றால் அந்தக் கிடங்கிலேயே அடங்கிப்போவான். எனக்கு இருப்பது அவன் ஒருத்தன்தான்.

என் முதுகுக்குப் பின்னால் சோபாவில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் போதகர், இந்தப் படத்துக்குக் குரல் கொடுக்கச் சொன்ன சபையின் தலைவர். இன்னொருவர் போதகர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் கல்லூரியில் பேராசிரியர். வசனத்தில் தப்பு வரக்கூடாது என்று போதகரே அவரைக் கூட்டி வந்திருந்தார். பேராசிரியரின் தங்கையைத்தான் போதகர் கட்டியிருந்தார். ஆக, அது வேத விசாரணையா மச்சான் மாப்பிள்ளைச் சண்டையா என்று கடைசிவரை எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

"ஆளை மாத்திடலாம்மா," என்றார் போதகர் என்னிடம். "உங்க அண்ணன் மேல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. ஆனா குரல் நடுங்குது. தெய்வத்தோட குரல் நடுங்கலாமா?"

"அழும்போது நடுங்காம என்ன பண்ணும் மாப்பிள்ளை?" என்றார் பேராசிரியர்.

"அழுறது வேற மச்சான். சீடன் பேதுரு அழுதா நடுங்கட்டும். இவர் சாவையே ஜெயிச்சவர். எங்க ஜனங்க யாரு? பிள்ளையை மண்ணுக்குள்ள வச்சவங்க, புருஷனைப் பறிகொடுத்தவங்க. நடுங்குற குரலைக் கேட்டா அவங்க எதைப் பிடிச்சுக்குவாங்க?"

"நடுங்கவே தெரியாதவர் கையை அவங்க எதுக்குப் பிடிக்கணும்?"

இரண்டு பேரும் சொன்னது எனக்குச் சரி என்றே பட்டது. அதுதான் எரிச்சலாக இருந்தது. ஒருவர் தப்பாகப் பேசினாலாவது இன்னொருவர் பக்கம் சாய்ந்து வேலையை முடித்திருப்பேன்.

"சார், எனக்குச் சாமி விஷயம் அவ்வளவாத் தெரியாது," என்றேன். "அவர் மனுஷனா, தெய்வமா? ஒண்ணைச் சொல்லுங்க. அதுக்குத் தக்க மைக்கை வைக்கிறேன்."

பேராசிரியர் சிரித்தார். "முழுசா மனுஷன், முழுசா தெய்வம். ரெண்டும் கலந்து புதுசா ஒண்ணு ஆகிடலை. ரெண்டு ஆளாப் பிரிஞ்சும் போகலை. ஒரே ஆள். பல நூறு வருஷம் முன்னாடி பெரியவங்க கூடி, கைகலப்பு வரைக்கும் போய், கடைசியில இதை எழுதி வச்சாங்கம்மா."

"எப்படின்னு எழுதி வச்சாங்களா?"

"எப்படியெல்லாம் இல்லைன்னு எழுதி வச்சாங்க."

நல்ல பதில்தான். இதை வைத்துக்கொண்டு நான் எந்தப் பொத்தானை அழுத்துவது?

அதற்குள் அண்ணன் வெளியே வந்திருந்தான். இவர்கள் பேசியது முழுவதும் அவன் காதில் விழுந்திருக்கிறது, உள்ளே ஸ்பீக்கரில் கேட்கும்படி பேசும் பொத்தானை நான் அணைக்க மறந்திருந்தேன். போதகரை அவன் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துச் சொன்னான்.

"அழுற இடம், பசிக்கிற இடம், தூங்குற இடம், அதெல்லாம் நான் பேசுறேன். அது எனக்குத் தெரியும். எழுப்புற இடத்துக்கு, அதட்டுற இடத்துக்கு வேற ஆளைப் போட்டுக்கோ."

"ஒரே மனுஷனுக்கு ரெண்டு குரலாண்ணா?"

"ரெண்டு பேரும் ஒத்த மாதிரி பேசினா யாருக்குத் தெரியப்போகுது?"

நியாயமாகப் பேராசிரியர் அந்த இடத்திலேயே குதித்திருக்க வேண்டும். அவர் குதிக்கவில்லை. இயேசு அழும் இடமெல்லாம் நடுங்கும் குரலிலேயே இருக்கும் என்றதும் அவருக்குத் திருப்தி. அற்புதம் செய்யும் இடமெல்லாம் கணீரென்று இருக்கும் என்றதும் போதகருக்குத் திருப்தி. எனக்கு அண்ணன் இங்கேயே இருப்பான் என்பதில் திருப்தி. ஆளுக்குக் கேட்டது கிடைத்தால் பெரிய படிப்புக்காரர்களும் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

வசனத் தாளை மேசையில் விரித்தோம். மனிதனாகப் பேசுவதற்குச் சிவப்பு, தெய்வமாகப் பேசுவதற்கு நீலம். தாகம் என்பது சிவப்பு. பாவத்தை மன்னித்தேன் என்பது நீலம். குழந்தைகளை அருகில் கூப்பிடுவது சிவப்பு என்றார் பேராசிரியர், நீலம் என்றார் போதகர். கூட்ட நெரிசலில் ஒரு நோயாளிப் பெண் பின்னாலிருந்து அவர் துணியைத் தொடுகிறாள், யார் தொட்டது என்று கேட்கிறார். அந்த ஒரு வரியில் வந்தது வினை.

"தெரியாமக் கேட்டார். மனுஷன்," என்றார் பேராசிரியர்.

"தெரிஞ்சே கேட்டார். அவளை வாயைத் திறக்க வைக்க," என்றார் போதகர்.

"உங்க அக்கா வீட்டுக் கல்யாணத்துல நான் வந்ததையே தெரியாத மாதிரி நின்னீங்களே, அந்த மாதிரியா?"

"மச்சான், குடும்ப விஷயத்தை இங்க இழுக்காதீங்க."

கடைசியில் நானே பேனாவைப் பிடுங்கி, பாதி வரிக்குச் சிவப்பும் பாதி வரிக்கு நீலமும் அடித்துவிட்டு எழுந்தேன்.

நீல வரிகளுக்கு 'இடி'யைக் கூப்பிட்டேன். தொழிலில் அவருக்கு அதுதான் பெயர். ஆளைப் பார்த்தால் ஊதினால் பறந்துவிடுவார். வாயைத் திறந்தால் கண்ணாடி அதிரும். படம் ஆரம்பிக்கும் முன் புகை பிடிக்காதே என்று மிரட்டும் குரல் அவருடையதுதான். மாடி ஏறி வந்தவர் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணன் பேசுற படத்துல நானா? சும்மா கூப்பிட்டாலே வந்திருப்பேனே," என்றார். அண்ணன் தலையாட்டினான்.

பதிவு மளமளவென்று போனது. அண்ணன் சிவப்பைப் பேசிவிட்டு நகர்வான், இடி வந்து நீலத்தைப் பேசுவார். இரண்டு பேரும் தேர்ந்த ஆட்கள், உதடு பிசகாமல் ஒட்டியது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்கூட வந்தது. என் கால் ஆடுவது நின்றிருந்தது.

பிறகு சேர்த்துப் போட்டுப் பார்த்தோம்.

முதலில் கிணற்றடிக் காட்சி. நடந்து களைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறவர், தண்ணீர் எடுக்க வந்த பெண்ணிடம் குடிக்கக் கேட்கிறார். அண்ணன் குரல். வறண்டுபோன, வெயில் குடித்த குரல். அவள் ஏதோ கேட்கிறாள். அடுத்த வரியில் அவளுடைய பழைய வாழ்க்கையை அவர் புட்டுப் புட்டு வைக்கிறார். இடி குரல். கிணற்றுக்குள் இன்னொருவர் ஒளிந்திருந்து பேசியது போல இருந்தது. அந்தப் பெண் திடுக்கிட்டது நடிப்பில்லை என்றே தோன்றியது.

அடுத்து படகுக் காட்சி. புயலில் படகு ஆடுகிறது. இயேசு தூங்குகிறார். அண்ணனின் லேசான குறட்டை, அத்தனை அசலாக இருந்தது. சீடர்கள் உலுக்குகிறார்கள். அண்ணன் முனகிக்கொண்டு விழிக்கிறான். உடனே இடி எழுந்து காற்றை அதட்டுகிறார். தூங்கினவர் ஒருவர், எழுந்தவர் வேறொருவர். பாவம், தூங்கினவர் என்ன ஆனார் என்று மனம் தேடியது.

போதகர் முகம் வெளுத்திருந்தது.

"இது தப்பு," என்றார் மெதுவாக. "மச்சான், இது பெரிய தப்பு. இப்படிச் சொன்னவங்களைத்தானே அந்தக் காலத்துல..."

"துரத்தினாங்க," என்றார் பேராசிரியர். அவர் தலை கவிழ்ந்திருந்தது. "ரெண்டு ஆளா உடைச்சிட்டாங்கன்னு பழி போட்டுத் துரத்தினாங்க. நான் வருஷா வருஷம் இதைப் பாடம் நடத்துறேன் மாப்பிள்ளை. பேனாவை எடுத்து நானே கோடு போட்டிருக்கேன் பாருங்க."

"அப்ப ரெண்டு குரலையும் ஒண்ணு மேல ஒண்ணா வச்சிடலாமே?" என்று போதகர் என் பக்கம் திரும்பினார். "எல்லா வரியையும் ரெண்டு பேரும் சேர்ந்து பேசட்டும்."

செய்து பார்த்தேன். எனக்கென்ன, கேட்டதைச் செய்கிறவள். பேய்ப் படத்தில் உடம்புக்குள் புகுந்துகொண்ட ஆவி பேசுவது போல வந்தது. அண்ணன் குரல் எங்கே போனதென்றே தெரியவில்லை, இடி மொத்தமாக விழுங்கிவிட்டிருந்தார்.

"இதுக்கும் ஒரு கட்சி இருந்துச்சு," என்றார் பேராசிரியர். "கடல்ல விழுந்த ஒரு சொட்டுத் தேன் மாதிரி, தெய்வத்துக்குள்ள மனுஷன் கரைஞ்சுபோயிட்டான்னு சொல்லிக்கிட்டு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "சார், நீங்க சொல்ற எல்லாத் தப்பையும் இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள நான் செஞ்சு முடிச்சிடுவேன்போல. சரியானது எதுன்னு சொல்லுங்க!"

அவர் என்னைப் பார்த்தார். கேலியில்லாமல்தான் சொன்னார். "தெரியலம்மா. வார்த்தையில எனக்குத் தெரியும். காதால நான் கேட்டதில்ல."

கல்லறைக் காட்சி மட்டும் மிச்சம் இருந்தது. அதையாவது இரண்டு குரலில் முடித்துத் தொலைப்போம், மற்றதைப் பிறகு யோசிக்கலாம் என்று இடியை உள்ளே அனுப்பினேன். அண்ணனின் அழுகையை அவர் காதில் போட்டேன். அது முடிகிற இடத்தில் அவர் பிடித்துக்கொள்ள வேண்டும். முதல் தரம், வாயைத் திறந்து நிறுத்திவிட்டார். இரண்டாம் தரமும் அப்படியே. மூன்றாம் தரம் சொல்லியே விட்டார், 'வெளியே வா' என்று, மலை பிளப்பது போல. ஆனால் கேட்கச் சகிக்கவில்லை.

அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கையை விரித்தார்.

"அக்கா, திரையில அந்த ஆளைப் பாருங்க. அழுது முடிச்சிட்டுக் கூப்பிடலை. அழுதுக்கிட்டேதான் கூப்பிடுறார். கண்ணீர் வாயில இறங்குது. நடுவுல மூச்சே வாங்கலை. அண்ணன் அழுததுல பாதி மூச்சு மிச்சம் இருக்கு, அந்த மிச்சத்துலதான் இந்த வார்த்தை வரணும். அவர் மூச்சை நான் எப்படி விடுறது?"

படத்தைத் திருப்பி ஓட்டினேன். அவர் சொன்னது சரிதான். இதுவரை எத்தனை தரம் பார்த்தும் எனக்கு அது கண்ணில் பட்டதில்லை. அழுகைக்கும் அழைப்புக்கும் நடுவில் வெட்டு கிடையாது, ஒரே மூச்சு. எங்கே சிவப்பை நிறுத்தி எங்கே நீலத்தை வைப்பது? பேராசிரியர் சோபாவிலிருந்து எழுந்து வந்து, என் தோளுக்குப் பின்னால் நின்று அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணனைத் தேடினேன். மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். கீழே கடையில் எவனோ ஒரு வண்டியை விடாமல் முறுக்கிக்கொண்டிருந்தான்.

"நீதான் பேசணும்," என்றேன். "வேற வழியில்ல."

"முடியாதுடி."

"அப்படி என்ன முடியாது? செத்தவனை எழுப்புனது நீயில்லண்ணா. அந்த நடிகரும் இல்ல. அவரு சாப்பாட்டு இடைவேளைக்குப் போயிட்டு வந்து நடிச்சிருப்பாரு. ரெண்டு வார்த்தை. சொல்லித் தொலையேன்!"

கத்திவிட்டேன். கத்தின பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தேன்.

"ஆஸ்பத்திரியில அன்னைக்கு டாக்டர் சொன்னார்," என்றான். "காது கேட்டுக்கிட்டிருக்கும், கூப்பிடுங்க, பேசுங்கன்னார். அவ கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். வாயைத் திறந்தேன். வரல. ஊர்ல இருக்கிற அத்தனை பேருக்கும் பேசியிருக்கேன், அவளை ஒரு தடவை கூப்பிட வரல. அவ பாட்டுக்குப் போயிட்டா. கூப்பிட்டிருந்தா வந்திருக்க மாட்டா, அது எனக்குத் தெரியும். ஆனா நான் கூப்பிடவே இல்லியே."

இது எனக்குத் தெரியாது. அந்த அறைக்கு வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன், இருந்தும் தெரியாது. அவனுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தேன்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. போதகர். எவ்வளவு நேரமாக நின்றுகொண்டிருந்தாரோ. அண்ணன் திரும்பிப் பார்த்தான், அன்றைக்கு முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தான்.

"அவளை அடக்கம் பண்ணப்போ நீங்கதானே ஜெபம் பண்ணீங்க," என்றான். "ஒரு வார்த்தை பிசகலை. தண்ணி குடிக்கிற மாதிரி சொல்லிட்டுப் போயிட்டீங்க. அவ உங்க வீட்ல எத்தனை தடவை சமைச்சிருக்கா. உங்களுக்கு ஒண்ணுமே இல்லியா? கல்லு மாதிரி நின்னீங்க. அன்னைக்கோட நான் சபைக்கு வர்றதை விட்டுட்டேன்."

போதகர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நானும் உடைஞ்சுட்டா பெட்டியை யாருப்பா குழிக்குள்ள இறக்குறது?" என்றார். "உன்னைப் பார்த்தா எனக்குப் பேச்சு நின்னுடும்னு, உன் பக்கம் திரும்பவே இல்ல. சவுக்கு மரத்தைப் பார்த்துக்கிட்டே சொல்லி முடிச்சேன். வீட்டுக்குப் போய்ப் பின்கட்டுல உட்கார்ந்துக்கிட்டேன். என் வீட்டுக்காரி வந்து கூப்பிட்டுப் பார்த்தா, எழுந்திருக்கலை. நடுங்காம இருந்தாத்தான் உங்களுக்கெல்லாம் தெம்புன்னு நினைச்சேன்."

"எனக்கு இல்ல," என்றான் அண்ணன்.

"தெரியுது," என்றார் அவர்.

சமாதானம் ஆனதாக எனக்குத் தோன்றவில்லை. அண்ணன் அவரை மன்னித்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் எழுந்தான். வேட்டியில் ஒட்டின தூசியைத் தட்டினான். "கீழ அந்த வண்டியைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லு," என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனான்.

நான் ஓடிப் போய் மெக்கானிக்கிடம் கெஞ்சிவிட்டு மேலே ஓடி வந்தேன். ஏசியை நிறுத்தினேன். இடி சுவரோரமாக நின்றுகொண்டார். பேராசிரியரும் போதகரும் சோபாவில் உட்காரவில்லை, என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள். கடவுளே என்றேனா என்னவோ, ஞாபகமில்லை. காட்சியைத் தொடக்கத்திலிருந்து ஓட்டினேன்.

திரையில் அவர் நடந்து வந்தார். கல்லைப் புரட்டச் சொன்னார். அண்ணன் மெதுவாகப் பேசினான். பிறகு அழுகை வந்தது. இந்தத் தடவை அது அருமையாக இல்லை. சளி கலந்த, அசிங்கமான அழுகை. மைக்குக்கு ஆகாத அழுகை. ஒலிக்காட்டி முள் எகிறிச் சிவப்பைத் தொட்டது. நான் குறைக்கவில்லை. மூச்சு பாதி கரைந்து, இனி மிச்சமில்லை என்கிற இடத்தில், அந்த மிச்சத்திலிருந்து வந்தது.

"வெளியே வா!"

அது கட்டளையா கெஞ்சலா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சாவு என்கிற ஒன்றின் மேல் அத்தனை ஆத்திரம் அதில் இருந்தது. அதற்குப் பயப்படாத தைரியமும் இருந்தது. இரண்டும் உடைந்த அந்த ஒரே தொண்டையிலிருந்துதான் வந்தன. பேராசிரியர் ஏதோ முணுமுணுத்தார், அதை முடிக்கவில்லை. போதகர் என் நாற்காலியின் முதுகை இறுக்கிப் பிடித்திருந்தார்.

திரையில் குகைக்குள்ளிருந்து, துணி சுற்றிய உருவம் தட்டுத்தடுமாறி வந்தது. கூட்டம் அலறியது. அண்ணன் திரையைப் பார்க்கவில்லை. ஹெட்போனோடு அப்படியே திரும்பி, பதிவறைக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

காட்சி முடிந்து திரை கறுப்பானது. அவன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். டேக் சரி என்று சொல்ல வேண்டியவள் நான். பொத்தான் என் விரலுக்குக் கீழேதான் இருந்தது. அதை அழுத்த என்னால் முடியவில்லை. எழுந்து போய்க் கதவைத் திறந்தேன்.

"நீயா?" என்றான்.

"நான்தாண்ணா."

அவன் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். இரண்டு பக்கமும் பார்த்தான். எங்கள் நாலு பேரைத் தவிர யாருமில்லை. நான் அவனைத் தொடலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். அவன் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான். துண்டுக்குள்ளிருந்தே பேசினான்.

"கூப்பிட்டுட்டேன்ல?"

"கூப்பிட்டண்ணா."

"கேட்டிருக்கும்ல?"

சத்தம் வெளியே போகக்கூடாது என்று நானே பார்த்துப் பார்த்துப் பஞ்சு அடைத்துக் கட்டிய அறை அது.

"தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்ணா," என்றேன்.